காற்றில்லாத நிலாவில் அழுத்தம் கூடியது எப்படி?

2025 அக்டோபரில் இஸ்ரோ ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2024 மே 10 அன்று சூரியனிலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பி வந்த பிழம்பு நிலாவைத் தாக்கியது. அப்போது நிலாவின் பகல் பக்க வளிமண்டலத்தின் மொத்த அழுத்தம் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்ததை, சந்திரயான்-2 சுற்றுகலத்தில் இருக்கும் சேஸ்-2 கருவி பதிவு செய்திருக்கிறது. அறிவிப்பின் சாரம் இதுதான்.

படித்தவர்கள் பலருக்கும் எழுந்த கேள்வி: நிலாவில் காற்றே கிடையாது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? இல்லாத காற்றுக்கு ஏது அழுத்தம்? அது பத்து மடங்கு கூடுவது எப்படி?

பாடப்புத்தகம் சொன்னதும் சரி, இஸ்ரோ சொன்னதும் சரி. ‘வளிமண்டலம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருப்பதால் வந்த குழப்பம் இது. நிலா, புதன் போன்ற சிறிய பாறை உலகங்களின் மேல் இருப்பதை, நம் காற்றில் தண்ணீர் ஊற்றி நீர்க்கவைத்தது போல நினைத்துக்கொண்டால் எதுவும் விளங்காது. அது இயங்கும் விதமே வேறு.

எவ்வளவு மெல்லியது?

நாம் கடல்மட்டத்தில் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரை, ஏறக்குறைய ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தை, எடுத்துக்கொள்வோம். அதற்குள் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. நிலாவின் தரையை ஒட்டி அதே அளவு இடத்தில் இருப்பவை சில லட்சம் துகள்கள். கோடி கோடி மடங்கு வித்தியாசம்.

எடையில் சொன்னால் இன்னும் தெளிவாகும். பூமியின் வளிமண்டலம் ஐந்தாயிரம் லட்சம் கோடி டன்னுக்கும் மேல் எடை கொண்டது. நிலாவைச் சுற்றியுள்ள வளிமண்டலம் முழுவதையும் திரட்டி ஒரு தராசில் வைக்க முடிந்தால், அது சுமார் 25 டன்தான் வரும். லாரிகளில் ஏற்றினால் இரண்டு மூன்று லோடு. இந்த 25 டன் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இதுதான் முக்கியமாகப் போகிறது.

தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு நிலாவில் காற்றில்லை என்பது பல நூற்றாண்டுகளாகவே தெரியும். நிலா ஒரு விண்மீனை மறைக்கும்போது, அந்த மீன் மெல்ல மங்கி மறைவதில்லை. விளக்கை அணைத்தது போல சட்டென்று காணாமல் போகிறது. காற்று இருந்தால் ஒளி வளைந்து, மங்கி, பிறகு மறைய வேண்டும். இத்தாலியில் பணியாற்றிய வானியலாளர் பாஸ்கோவிச் 1753-லேயே இந்த வாதத்தை விரிவாக எழுதினார். அவர் சொன்னது சரிதான். ஒளியை வளைக்கும் அளவுக்கு அங்கே எதுவும் இல்லை.

ஒன்றையொன்று தொடாத அணுக்கள்

காற்று என்று நாம் சொல்வதன் அடிப்படை மோதல். திருவிழாக் கூட்டத்தில் யாரும் இரண்டடி தடையில்லாமல் நடக்க முடியாதல்லவா? அப்படித்தான் இங்கே ஒரு மூலக்கூறு, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 15,000-ல் ஒரு பங்கு தூரம் போவதற்குள் இன்னொன்றின் மேல் இடித்துவிடும். இந்த இடிபாடுதான் அழுத்தத்தை உண்டாக்குகிறது, வெப்பத்தைப் பகிர்கிறது, ஒலியைக் கடத்துகிறது. காற்று வீசுவதும் இதனால்தான்.

நிலாவில் ஓர் அணு இன்னோர் அணுவின் மேல் இடிக்க வேண்டுமானால், கணக்குப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போயாக வேண்டும். அதற்குள் அது தரையில் விழுந்துவிடும், அல்லது விண்வெளிக்குப் போய்விடும். ஆகவே அங்கே அணுக்கள் ஒன்றையொன்று சந்திப்பதே கிடையாது. அவை சந்திக்கும் ஒரே பொருள் தரைதான்.

தாளிக்கும்போது கடுகு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கடுகும் தனித்தனியாகத் துள்ளி, வளைந்து, சட்டியில் விழுந்து, மறுபடி துள்ளும். ஒன்றின் பாதைக்கும் மற்றொன்றின் பாதைக்கும் தொடர்பில்லை. நிலாவின் வளிமண்டலம் அப்படிப்பட்டது. சட்டி சூடாக இருந்தால் துள்ளல் உயரும், ஆறினால் அடங்கும்.

இந்த நிலைக்கு வல்லுநர்கள் வைத்திருக்கும் பெயர் எக்சோஸ்பியர். தமிழில் புறவளிமண்டலம் என்கிறோம். பூமிக்கும் இது உண்டு. தரையிலிருந்து 500 கி.மீ.க்கும் மேலே, காற்று மெலிந்து மெலிந்து மோதல் நின்றுபோகும் இடத்தில் அது தொடங்குகிறது. நிலாவிலும் புதனிலும் கீழ் அடுக்குகள் எதுவும் இல்லாமல், புறவளிமண்டலம் நேராகத் தரையிலேயே தொடங்கிவிடுகிறது. பாடப்புத்தகம் ‘இல்லை’ என்று சொல்வது மோதல் நிறைந்த காற்றை. இஸ்ரோ ‘இருக்கிறது’ என்று சொல்வது இந்தத் துள்ளும் அணுக்களை.

ஏன் தங்கவில்லை?

ஒரு பொருள் ஒரு கோளின் ஈர்ப்பிலிருந்து திரும்பி வராமல் தப்பித்துப் போகத் தேவையான வேகத்துக்கு விடுபடு வேகம் என்று பெயர். பூமிக்கு வினாடிக்கு 11.2 கி.மீ., செவ்வாய்க்கு 5, புதனுக்கு 4.25, நிலாவுக்கு 2.38.

இன்னொரு பக்கம், வெப்பம் அணுக்களுக்கு வேகம் தருகிறது. எடை குறைந்த அணு வேகமாக ஓடும். கனமானது மெதுவாக நகரும். நிலாவில் நடுப்பகலில் தரை 120 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. அந்தச் சூட்டில்:

1. ஹைட்ரஜன் அணுவின் சராசரி வேகம் வினாடிக்கு சுமார் 3.1 கி.மீ. சராசரியே விடுபடு வேகத்தைத் தாண்டிவிட்டது. அது தங்காது.

2. ஹீலியம் சுமார் 1.6 கி.மீ. சராசரி குறைவுதான். ஆனால் கூட்டத்தில் வேகமானவை எப்போதும் இருக்கும்; அவை முதலில் நழுவும், மிச்சமுள்ளவற்றில் மறுபடி சில வேகம் பிடிக்கும். நாள்போக்கில் எல்லாம் போய்விடும்.

3. ஆர்கான் சுமார் 0.5 கி.மீ. வெப்பத்தால் மட்டும் எளிதில் தப்பாது. அதைப் பிடித்துக்கொண்டு போக வேறு ஆள் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு வாயு நூறு கோடி ஆண்டுக் கணக்கில் தங்க வேண்டுமானால், அதன் சராசரி வேகம் விடுபடு வேகத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தோராய விதி.

ஈர்ப்பு குறைவு என்பதால்தான் நிலாவில் காற்றில்லை என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி போதாது. சனியின் துணைக்கோளான டைட்டனைப் பாருங்கள். அதன் விடுபடு வேகம் 2.64 கி.மீ.; நிலாவை விடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் அதன் தரையில் அழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு! காரணம் குளிர். டைட்டனின் தரை மைனஸ் 179 டிகிரியில் கிடக்கிறது. அந்தக் குளிரில் நைட்ரஜன் மூலக்கூறு வினாடிக்கு 0.3 கி.மீ. கூட ஓடுவதில்லை. அதே நைட்ரஜன் நிலாவின் நடுப்பகலில் அதைப் போல இரு மடங்கு வேகத்தில் ஓடும். போதாததற்குச் சூரியன் இடைவிடாமல் வீசும் துகள்களின், அதாவது சூரியக்காற்றின், தாக்குதலும் நிலா இருக்கும் தூரத்தில் பல மடங்கு கடுமை. ஈர்ப்பு, வெப்பம், சூரியனிலிருந்து உள்ள தூரம் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வரவுக் கணக்கு

தங்காது என்றால் அந்த 25 டன் எங்கிருந்து வந்தது? இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் தவறான படத்தைத் தருகின்றன. ஆதிகாலத்தில் இருந்த காற்றின் மிச்சம் என்று நினைத்துவிடுகிறோம். இன்று நிலாவின் மேல் இருக்கும் அணுக்களில் பெரும்பாலானவை அண்மையில்தான் அங்கு வந்தவை. வந்துகொண்டே இருக்கின்றன, போய்க்கொண்டே இருக்கின்றன. வரவும் செலவும் சமமாகும் இடத்தில் கையில் நிற்கும் இருப்புதான் அந்த 25 டன். வரவுகள் இவை:

1. சூரியக்காற்று. சூரியன் இடைவிடாமல் ஹைட்ரஜன், ஹீலியம் அயனிகளை (எலக்ட்ரானை இழந்த அணுக்களை) வினாடிக்கு 400 கி.மீ. அளவு வேகத்தில் வீசிக்கொண்டிருக்கிறது. நிலாவின் ஹீலியத்தில் பெரும்பகுதி இப்படி வந்தது. நியானும் அப்படியே.

2. நிலாவின் வயிறு. பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 கதிரியக்கத்தால் சிதைந்து ஆர்கான்-40 ஆகிறது. அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டுகள். உண்டான ஆர்கானில் ஒரு சிறு பகுதி விரிசல்கள் வழியே கசிந்து மேலே வருகிறது.

3. விண்கல் துகள்கள். மணல் அளவும் அதைவிடச் சிறியதுமான துகள்கள் வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும்போது, மோதிய இடத்து மண்ணே ஆவியாகிறது. சோடியம், பொட்டாசியம் போன்றவை எழும்புகின்றன.

4. அயனித் தாக்கு. சூரியக்காற்றின் அயனி மண்ணில் வந்து இடிக்கும்போது, கேரம் ஸ்டிரைக்கர் காயைத் தள்ளுவது போல மண்ணிலிருக்கும் அணுவைத் தெறிக்கவிடுகிறது. ஆங்கிலத்தில் இதை ஸ்பட்டரிங் என்பார்கள்.

5. ஒளி. சூரியனின் புற ஊதாக் கதிர் மட்டுமே சில அணுக்களைத் தரையிலிருந்து உதிர்க்கப் போதும்.

மூன்றாவதும் நான்காவதும் எந்த விகிதத்தில் என்பது நெடுநாள் விவாதம். அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த மண்ணில் பொட்டாசியம், ருபீடியம் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து 2024-ல் ஓர் ஆய்வு வெளியானது. கனமான ஐசோடோப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து, மண்ணிலிருந்து கிளம்பியதில் சுமார் 70 சதவீதத்துக்குத் துகள் மோதலும், சுமார் 30 சதவீதத்துக்கு அயனித் தாக்கும் காரணம் என்று அது கணித்தது. அது நெடுங்காலச் சராசரி. ஒரு குறிப்பிட்ட நாளில் விகிதம் தலைகீழாகலாம் என்பதைத்தான் மே 10 காட்டியது.

செலவு

செலவுக்கு மூன்று வழி. லேசானவை வெப்பத்தால் தப்புகின்றன. சில, நிரந்தர இருட்டில் கிடக்கும் பள்ளங்களில் உறைந்துபோகின்றன. மற்றவை சூரிய ஒளியால் எலக்ட்ரானை இழந்து அயனியாகின்றன. அயனியான மறுகணமே சூரியக்காற்றோடு வரும் மின்காந்தப் புலம் அவற்றை இழுத்துக்கொண்டு போகிறது. ஆர்கானைப் பிடித்துக்கொண்டு போகும் ஆள் இதுதான். ஓர் ஆர்கான் அணு நிலாவின் மேல் தாக்குப்பிடிப்பது சில மாதங்கள்தான்.

ஆர்கானின் ஒரு நாள்

1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர்கள் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் ஒரு நிறைமானியை வைத்துவிட்டு வந்தார்கள். எடை வாரியாக அணுக்களைப் பிரித்து எண்ணும் கருவி அது. அது காட்டிய ஆர்கானின் அன்றாட நடமாட்டம், இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

நிலாவின் ஒரு பகல் ஏறக்குறைய பதினான்கு பூமி நாட்கள், இரவும் அவ்வளவே. பகலில் ஆர்கான் அணு ஒவ்வொரு துள்ளலிலும் பல பத்துக் கிலோமீட்டர் உயரம் எழும்பி, சில நிமிடம் மிதந்து, வேறொரு இடத்தில் விழுகிறது. எந்தத் திசை என்று கணக்கில்லை. அப்படியே அலைந்து இருட்டுப் பக்கம் போய்ச் சேர்கிறது. இரவு முற்ற முற்றத் தரை குளிர்ந்து மைனஸ் 170 டிகிரிக்கும் கீழே போகிறது. அங்கே விழும் ஆர்கான் மண்துகளில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த துள்ளலுக்குச் சூடு இல்லை. அதனால் இரவு வளர வளரக் கருவியில் ஆர்கான் குறைந்துகொண்டே வந்தது.

பிறகு விடியல். வெயில் பட்டதும் ஒட்டிக்கிடந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. அதில் ஒரு பகுதி பின்பக்கமாக, இன்னும் இருட்டாக உள்ள இடத்துக்கும் துள்ளுகிறது. எனவே சூரியன் எழுவதற்கு முன்பே ஆர்கான் கிடுகிடுவென ஏறத் தொடங்கியது. நிலாவில் தென்றல் கிடையாது. ஆனால் விடியல் கோட்டோடு கூடவே நகரும் ஆர்கான் திரள் ஒன்று நிலாவைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. ஹீலியம் இப்படி ஒட்டாது. குளிர்ந்த இரவுப் பக்கத்தில் துள்ளல் சிறிதாவதால், அது அங்கேயே குவிந்துகிடக்கும்.

2013-ல் நாசா அனுப்பிய லாடீ கலம் இன்னொன்றையும் கண்டது. நிலாவின் மேற்குப் பகுதியில் பொட்டாசியம் மிகுந்த கருநிறச் சமவெளிகளின் மேல் ஆர்கான் கூடுதலாக இருந்தது. சந்திரயான்-2-இன் சேஸ்-2, வடக்கிலும் தெற்கிலும் 60 டிகிரி வரை ஆர்கானின் பரவலை அளந்தது. நிலநடுக்கோட்டை ஒட்டி மட்டும் தெரிந்திருந்த படம் அதனால் விரிந்தது.

புதனும் அதன் மஞ்சள் வாலும்

புதன் இதே கதையின் கடுமையான வடிவம். சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் வரவும் அதிகம், செலவும் அதிகம். 1974-ல் நாசாவின் மரினர் 10 கலம் அதன் மேல் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் கண்டது. 1985-ல் பாட்டர், மார்கன் என்ற இருவர் அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள தொலைநோக்கி வழியாகச் சோடியத்தைக் கண்டுபிடித்தார்கள். பழைய தெருவிளக்குகளின் மஞ்சள் ஒளி நினைவிருக்கிறதா? அதே சோடியம், அதே மஞ்சள். மூன்றாண்டுகள் கழித்து அவர்களே நிலாவிலும் சோடியத்தைக் கண்டார்கள். அங்கே அது ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு அணுவுக்கும் குறைவு. அவ்வளவு சொற்பமானது பூமியிலிருந்து தெரிவதற்குக் காரணம், சோடியம் சூரிய ஒளியை அபாரமாகச் சிதறடிப்பதுதான்.

சூரிய ஒளியின் அழுத்தம் இந்த அணுக்களைப் பின்னால் தள்ளுவதால், புதனுக்கு வால்மீன் போல 20 லட்சம் கி.மீ.க்கும் நீளமான சோடியம் வால் உண்டு. நிலாவுக்கும் ஒன்று உண்டு. 1998 நவம்பரில் லியோனிட் எரிகல் பொழிவுக்குப் பிறகு, அமாவாசையை ஒட்டிய இரவில் வானத்தில் மங்கலான சோடியத் திட்டு ஒன்று கருவிகளில் தெரிந்தது. நிலாவின் வால் பூமியைக் கடந்து போகும்போது, பூமியின் ஈர்ப்பு அதைக் குவித்ததால் வந்த திட்டு அது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மாதாமாதம் அது நம்மைக் கடந்து போகிறது.

புதனுக்குப் பூமியில் ஒரு சதவீத அளவுக்குக் காந்தப்புலம் உண்டு. அது சூரியக்காற்றைத் தடுத்து, துருவத்தை ஒட்டிய வாசல்கள் வழியே உள்ளே விடுகிறது. அதனால் புதனில் சோடியம் உயர் அட்சரேகைகளில் திட்டுத் திட்டாகக் கூடும். நிலாவுக்கு அந்தக் காவலும் இல்லை.

மே 10-இல் நடந்தது

இனிச் செய்திக்கு வரலாம்.

1. சூரியனின் வெளிப்புறமான கரோனாவிலிருந்து சில நேரம் பெருமளவு பிழம்பு மொத்தமாக வீசியெறியப்படும். இதற்குக் கரோனா நிறை வெளியேற்றம் என்று பெயர். 2024 மே மாதம் அப்படிப் பல வந்தன. லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்ததே, அந்த நாட்கள்தான்.

2. பூமியை அதன் காந்தப்புலம் காத்தது. நிலாவோ மே 8 அமாவாசை முடிந்து சூரியன் இருக்கும் பக்கத்தில் நின்றது. பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் பூமியின் காந்த வாலுக்குள், அதாவது காந்தப்புலம் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டு கிடக்கும் பகுதிக்குள், அது நுழையும். அன்று அந்த நிழலும் இல்லை.

3. அடர்ந்து வந்த அயனிகள் மண்ணில் இடித்து, வழக்கத்தை விட மிக அதிகமாக அணுக்களைத் தெறிக்கவிட்டன. வரவு திடீரெனப் பெருகியது. செலவு அதே வேகத்தில் பெருகவில்லை. இருப்பு ஏறியது.

‘அழுத்தம்’ என்ற சொல்லையும் இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கருவி எண்ணுவது துகள்களை. அந்த எண்ணிக்கையை அழுத்தமாக மாற்றிச் சொல்வது அளவியல் வழக்கம். நிலாவில் நின்றிருந்தால் தோலில் எதுவும் உறைத்திருக்காது. பத்து மடங்கு கூடிய பிறகும் அது பூமியின் காற்றில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குதான்.

இப்படி நடக்கும் என்று கணினி மாதிரிகள் முன்பே சொல்லியிருந்தன. நேரடியாக அளந்து காட்டியது இதுவே முதல் முறை என்கிறது இஸ்ரோ. திருவனந்தபுரத்திலுள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் உருவான கருவி இது. அதன் முன்னோடியான சேஸ், 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1 நிலாவில் மோதவிட்ட சிறு கலத்தில் போனது. விழுந்துகொண்டிருந்த சுமார் 25 நிமிடங்களில் அளந்ததில் நீராவியின் தடத்தைக் கண்டது.

தண்ணீரும் லேண்டரின் புகையும்

இந்தத் துள்ளும் அணுக்களைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? தண்ணீருக்காக.

நிலாவின் துருவங்களில் வெயிலே படாத பள்ளங்கள் உள்ளன. வடதுருவத்தை ஒட்டிய ஹெர்மைட் பள்ளத்தில் மைனஸ் 247 டிகிரி அளவுக் குளிர் பதிவாகியிருக்கிறது. அங்கே விழும் நீர் மூலக்கூறு திரும்ப எழாது. 2009 அக்டோபரில் தென்துருவத்தை ஒட்டிய கேபியஸ் பள்ளத்தில் நாசா ஒரு ராக்கெட் பகுதியை மோதவிட்டபோது, கிளம்பிய தூசியில் தண்ணீர் இருந்தது. அது வந்து சேர்ந்த பாதைகளில் ஒன்று, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த வளிமண்டலம்தான். விண்கல் பொழிவு மண்ணிலிருந்து எழுப்பும் நீரை லாடீ கண்டது. அதில் ஒரு பகுதி துள்ளித் துள்ளித் துருவம் போய்ச் சேரலாம். எவ்வளவு சேர்கிறது என்பது தெரிந்தால்தான், அந்தப் பனி பழமையானதா, இன்றும் சேர்ந்துகொண்டிருப்பதா என்று சொல்ல முடியும்.

இப்போது அந்த 25 டன்னை நினைவுபடுத்திக்கொள்வோம். அப்பல்லோ கலம் ஒன்றின் இறங்கும் பகுதி மட்டும் சுமார் 8 டன் எரிபொருளைச் சுமந்தது. அதில் பெரும்பகுதி எரிந்து வாயுவாக நிலாவின் மேல் கொட்டப்பட்டது. ஆறு முறை. அதாவது, நிலாவின் மொத்த இருப்புக்கும் அதிகமான வாயுவை மூன்றரை ஆண்டுகளுக்குள் மனிதர் ஊற்றினார்கள். சூரியன் அதை நாளடைவில் துடைத்துவிட்டது. அந்த நேரத்து அளவீடுகளில் எது நிலாவுடையது, எது நம்முடையது என்று பிரிக்கும் வேலை மட்டும் ஆய்வாளர்கள் தலையில் விழுந்தது. அப்பல்லோ 17 நிறைமானியின் பகல் நேர அளவுகள் பெரும்பாலும் பயன்படவில்லை. வெயில் ஏறியதும் சுற்றியிருந்த கருவிகளிலிருந்தும் கலத்திலிருந்தும் கசிந்த வாயு அதை மூழ்கடித்தது. நம்பத்தக்கவையாக மிஞ்சியவை இரவு அளவுகள்.

சிறிய லேண்டர் ஒன்றின் பாதிப்பு உடனே தெரிந்தாக வேண்டும் என்பதில்லை. 2013 டிசம்பரில் சீனாவின் சாங்’ஈ 3 இறங்கியபோது லாடீ நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த மாற்றமும் அதன் கருவிகளில் தென்படவில்லை. ஆனால் தென்துருவத்தில் 1,200 கிலோ லேண்டர் ஒன்று இறங்குவதாக வைத்து 2020-ல் செய்த கணினிக் கணக்கில், அதன் புகையிலுள்ள நீராவி சில மணி நேரத்தில் நிலாவைச் சுற்றிப் பரவியது. இரண்டு நிலா நாட்கள் கழித்தும் மூன்றில் ஒரு பங்கு அளவு அங்கேயே இருந்தது. ஒரு பகுதி துருவத்தில் உறைந்தது, அதாவது பழைய பனியைத் தேடி நாம் போகும் அதே இடத்தில். இனி அங்கே இறங்கத் திட்டமிடப்படும் மனிதக் கலங்கள் அதைவிடப் பல மடங்கு பெரியவை.

அந்தக் கலங்கள் இறங்கத் தொடங்கும் முன் தென்துருவத் தரையிலேயே, ஒரு முழு நிலா நாள் முழுக்க, நிறைமானிகள் அளந்து முடித்திருக்க வேண்டும். சுற்றுகலம் மேலிருந்து எண்ணுவது அதற்கு ஈடாகாது. ஆர்கான் விடியலில் கிளம்புவதைக் காட்டியது, தரையில் வைத்த கருவிதான்.